ராஜினாமா என்று எழுதிவிட்டார்கள், யூஐஎஃப் (வேலை போனவருக்கான காப்பீட்டுப் பணம்) கிடைக்காதாம். இனி என்ன செய்வது?

சாட்ஸ்வொர்த் மருமகள் | செப்டம்பர் 24

எல்லாருக்கும் வணக்கம். இன்றைக்கு ஹெரிடேஜ் டே விடுமுறை, தெரு முழுக்க பிராய், அதாவது இறைச்சி சுடும் புகை. எங்கள் வீட்டில் புரட்டாசி என்பதால் பருப்பும் கத்தரிக்காயும்தான். பிள்ளைகள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வெளியே உட்கார்ந்திருக்கிறார்கள். கிடைத்த நேரத்தில் இதை எழுதுகிறேன்.

நான் தூத்துக்குடிப் பக்கம். கல்யாணமாகி தென்னாப்பிரிக்காவில் டர்பன் வந்து 14 வருஷம் ஆகிறது. நிரந்தரமாகத் தங்கும் அனுமதியும் இந்த ஊர் அடையாள எண்ணும் இருக்கின்றன. 11 வருஷமாக ஒரு மசாலா ஃபேக்டரியில் பாக்கிங் வேலை. விக்டோரியா தெரு மார்க்கெட்டில் மாமியாரை ஒழிக்கும் தூள் என்று ஒரு காரப்பொடியை வெள்ளைக்காரர்களுக்கு விற்பார்களே, அந்த ரகம்தான் எங்கள் லைன். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் தும்மல் முதலில் மாமியாருக்குத்தான் வரும்.

செப்டம்பர் 5, வெள்ளிக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு எங்கள் லைனில் ஐந்து பேரை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். ஆர்டர் இல்லை, லைனை மூடுகிறோம், இன்றைக்கே கடைசி நாள் என்றார் மேனேஜர். ஆளுக்கு ஒரு தாள். கையெழுத்துப் போட்டால் 5,000 ரேண்ட் கையில், போடாவிட்டால் யூஐஎஃப் பேப்பரே வராது என்றார். எனக்கு பேச்சு இங்கிலீஷ் வரும். ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தால் தலை சுற்றும். மற்றவர்கள் போட்டார்கள், நானும் போட்டேன்.

திங்கட்கிழமை நாத்தனார் மகள் யூஐஎஃப்பின் யூஃபைலிங் இணையதளத்தில் எனக்குப் பதிந்து கொடுத்தாள். 22ஆம் தேதி மறுக்கப்பட்டது என்று வந்தது. நேற்று லேபர் சென்டரில் நாலு மணி நேரம் வரிசையில் நின்றேன். கவுண்டரில் இருந்த பெண் நல்ல பெண், திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். முதலாளி நிரப்பிக் கொடுக்கும் யூஐ-19 தாளில் வேலை முடிந்த காரணம் என்ற இடத்தில் 6 என்று போட்டிருக்கிறது. 6 என்றால் தானாக ராஜினாமா செய்தவர். ராஜினாமா செய்தவருக்குப் பணம் கிடையாது. வேண்டுமானால் அப்பீல் போடுங்கள் என்றாள்.

வெளியே வந்தால் கேட் பக்கத்தில் ஒரு ஆள், 300 ரேண்ட் கொடுத்தால் அந்த 6ஐ மாற்றித் தருகிறேன் என்கிறான்.

என் சம்பளம் மாதம் 7,800. சிலிப்பில் மாதாமாதம் 78 ரேண்ட் யூஐஎஃப் என்று பிடித்திருக்கிறார்கள். அந்தப் பணம் போனது போனதுதானா? வீட்டில் எல்லாரும் ஒரே வார்த்தைதான் சொல்கிறார்கள்: கையெழுத்துப் போட்டாயிற்றே. அதைக் கேட்டுக் கேட்டு எனக்கே ஏதோ திருட்டுப் பண்ணிவிட்ட மாதிரி இருக்கிறது.

---

மாரிட்ஸ்பர்க் தம்பி | செப்டம்பர் 24

அக்கா, முதலில் அந்த கேட் ஆளிடம் ஒரு சென்ட் கூடக் கொடுக்காதீர்கள். யூஐஎஃப் வேலை எல்லாமே இலவசம். அவனால் எந்த எண்ணையும் மாற்ற முடியாது.

எனக்கும் அதே 6 வந்தது. நான் ஒரு தனியார் டியூஷன் நிறுவனத்தில் ஒரு வருஷ ஒப்பந்தத்தில் இருந்தேன். ஒப்பந்தம் முடிந்தது, 5 என்று போட வேண்டிய இடத்தில் 6 போட்டுவிட்டார்கள். ஒப்பந்த நகலை எடுத்துக்கொண்டு போய் நின்றதும் அங்கே இருந்த பெண் பத்து நிமிஷத்தில் புதுத் தாள் அடித்து முத்திரை குத்திக் கொடுத்தாள். அப்பீல் தேவையே படவில்லை. நீங்களும் முதலில் ஃபேக்டரியில் கேட்டுப் பாருங்களேன்?

இல்லாவிட்டால் தொல்லை தாங்காமல் வேலையை விட்டேன் என்று எழுதுங்கள். அதற்கு 7 என்று ஒரு எண் இருக்கிறது, அதற்குப் பணம் உண்டு.

---

பழைய ஷாப் ஸ்டூவர்ட் | செப்டம்பர் 24

அம்மா, என் தமிழ் கோயில் பள்ளிக்கூடத்தில் சனிக்கிழமை காலையில் படித்த தமிழ். பிழை இருந்தால் பொறுத்துக்கொள். முப்பது வருஷம் பைன்டவுனில் செருப்பு ஃபேக்டரியில் வேலை பார்த்தேன், அதில் பாதிக்கு மேல் யூனியன் ஆளாக. உன் கதை மாதிரி எத்தனை பார்த்திருப்பேன் என்று கணக்கு இல்லை.

தம்பி சொன்ன 7 உனக்கு வேண்டாம். வேலை செய்யவே முடியாதபடி முதலாளி கொடுமை பண்ணி, அதனால் நீயே விட்டுவிட்டு வந்தால்தான் அது. அதையும் நீ சொன்னால் போதாது, சிசிஎம்ஏ (வேலைத் தகராறுகளைத் தீர்க்கும் அமைப்பு) ஒப்புக்கொள்ள வேண்டும். உனக்கு நடந்தது வேறு. ஆர்டர் இல்லை, லைனை மூடுகிறோம் என்று அவர்களே சொன்னார்கள். அதற்குப் பெயர் ஆட்குறைப்பு, எண் 11. நடந்ததை நடந்தபடியே சொல். பொய்யை ஒட்டினால் மெய்யும் சேர்ந்து கிழிந்துபோகும்.

இப்போது முக்கியமான விஷயம். நீ யூஐஎஃப் ஒன்றையே பார்த்துக்கொண்டிருக்கிறாய். அதற்கு விண்ணப்பிக்க வேலை போன நாளிலிருந்து 12 மாதம் இருக்கிறது, அது எங்கும் ஓடாது. ஓடுகிறது வேறு ஒன்று. வேலையை விட்டு அநியாயமாக நிறுத்தினார்கள் என்று சிசிஎம்ஏவில் புகார் கொடுக்க 30 நாள்தான். சனி, ஞாயிறு, இன்றைய பிராய் நாள் எல்லாம் அதில் சேரும். செப்டம்பர் 5லிருந்து எண்ணு. அக்டோபர் 5 ஞாயிற்றுக்கிழமை வருகிறது. ஆகவே 3ஆம் தேதி வெள்ளிக்கிழமைதான் உன் கடைசி நாள் என்று வைத்துக்கொள். தாண்டினால் தாமதத்துக்குக் காரணம் எழுதி மன்னிப்புக் கேட்கலாம், ஆனால் கொடுப்பதும் கொடுக்காததும் அவர்கள் இஷ்டம்.

தாளின் பெயர் 7.11. சிசிஎம்ஏ ஆபீசிலும் கிடைக்கும், இணையத்திலும் கிடைக்கும். நிரப்பினதும் முதலில் ஒரு நகல் ஃபேக்டரிக்குப் போக வேண்டும். ஈமெயிலில் அனுப்பு, அனுப்பியதற்கான தாளை அச்செடு. அந்த ஆதாரத்தோடுதான் சிசிஎம்ஏவுக்குக் கொடுக்க வேண்டும். ஆதாரம் இல்லாமல் போய்த் திரும்பி வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். காசு கிடையாது, வக்கீல் வேண்டாம். முதல் உட்காரலில் வக்கீலை உள்ளேயே விட மாட்டார்கள். நான் இருந்த செருப்பு, தோல் தொழிலுக்கும் துணி தைக்கிற ஃபேக்டரிக்கும் தனித்தனி பார்கெய்னிங் கவுன்சில் உண்டு, அங்கே போக வேண்டும். மசாலாவுக்கு சிசிஎம்ஏ.

கையெழுத்து விஷயம். கையெழுத்துப் போட்டதால் எல்லாம் முடிந்தது என்பது இல்லை. ஆனால் நான் விடவில்லை, அவர்கள்தான் நிறுத்தினார்கள் என்று காட்டுவது உன் பொறுப்பு. எனவே யோசி: ஐந்து பேரும் ஒரே நாளில் ஒரே மாதிரி அச்சடித்த தாளில் ராஜினாமா செய்வார்களா? அந்த ஐந்து தாளும் உங்கள் கையில் இருக்கிறதா? லைனை மூடுவது பற்றி யாராவது வாட்ஸ்அப்பில் ஒரு வரி எழுதினார்களா? அதைத் தேடு.

---

சாட்ஸ்வொர்த் மருமகள் | செப்டம்பர் 24

ஐயா, கை நடுங்குகிறது. 30 நாள் விஷயம் யாருமே சொல்லவில்லை. தாளின் நகல் எங்களுக்குக் கொடுக்கவில்லை, ஆனால் ஒரு அக்கா கையெழுத்துப் போடும் முன்னால் மகளுக்கு அனுப்ப போட்டோ எடுத்திருந்தாள், மகள் பார்ப்பதற்குள் போட்டும் கொடுத்துவிட்டாள். அப்புறம் சூப்பர்வைசர் 4ஆம் தேதி ராத்திரி குரூப்பில் எழுதியது இருக்கிறது: மிளகாய் லைன் நாளையோடு முடிகிறது, ஏப்ரனைத் திருப்பிக் கொண்டுவாருங்கள் என்று. நான் அன்றைக்கு ஏப்ரனைத் துவைத்துக் காயப்போட்டதோடு சரி, அதற்கு மேல் யோசிக்கவே இல்லை.

---

கணக்குப் பேனா | செப்டம்பர் 25

ஏப்ரன் மெசேஜை உடனே ஸ்கிரீன்ஷாட் எடுத்து இரண்டு பேருக்கு அனுப்பி வையுங்கள் அக்கா. குரூப்பிலிருந்து உங்களை எடுத்துவிட்டாலும் பரவாயில்லை.

நான் சம்பளக் கணக்குப் போடுகிறவன், எண்களை மட்டும் சொல்கிறேன். மாதம் 7,800 என்றால் வாரம் 1,800. ஆட்குறைப்பில் முடித்த ஒவ்வொரு வருஷத்துக்கும் குறைந்தது ஒரு வாரச் சம்பளம் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். 11 வருஷத்துக்கு 19,800 ரேண்ட். ஒரு வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவருக்கு நாலு வார நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம்: 7,200. இரண்டும் சேர்த்து 27,000. உங்கள் கையில் வந்தது 5,000. மேனேஜர் ராஜினாமா என்று எழுதியதன் காரணம் இந்த வித்தியாசம்தான். உங்கள் யூஐஎஃப் போனது அவருக்குப் பொருட்டே இல்லை.

யூஐஎஃப்பில் சம்பளத்தைப் பொறுத்து 38 முதல் 60 சதவீதம் வரை கொடுப்பார்கள், சம்பளம் குறைவானால் சதவீதம் கூடும். உங்கள் சம்பளத்துக்குச் சுமார் 44 வரும், அதாவது மாதம் 3,400 ரேண்ட் பக்கம். இது முதல் 238 நாளுக்கு. அதற்குப் பிறகு 20 சதவீதம், 1,560 ரேண்ட். கடந்த நாலு வருஷமும் விடாமல் கட்டியவருக்கு மொத்தம் 365 நாள் வரை போகும். வரி கிடையாது. ஆட்குறைப்புப் பணம் வாங்கினால் யூஐஎஃப் போய்விடும் என்று சிலர் பயமுறுத்துவார்கள், அப்படி இல்லை.

உங்கள் 78 ரேண்டோடு முதலாளியும் 78 கட்ட வேண்டும்.

---

மாரிட்ஸ்பர்க் தம்பி | செப்டம்பர் 25

7 பற்றி நான் சொன்னது தப்பு, ஐயா சொன்னபடியே செய்யுங்கள் அக்கா. ஆனால் ஒரு சந்தேகம் ஐயா. அப்பீல் என்று ஒன்று இருக்கும்போது சிசிஎம்ஏவுக்கு எதற்குப் போக வேண்டும்?

---

பழைய ஷாப் ஸ்டூவர்ட் | செப்டம்பர் 25

நல்ல கேள்வி. அப்பீல் முதலில் மாகாண அப்பீல் கமிட்டிக்குப் போகும், அங்கேயும் இல்லை என்றால் தேசிய கமிட்டி. அவர்கள் முன்னால் இருப்பது உன் கடிதமும் முதலாளி கொடுத்த யூஐ-19உம். அந்தத் தாளில் 6 இருக்கிற வரைக்கும் கவுண்டர் பெண்ணைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை, அவள் தாளைப் படித்தாள். ஊற்றைச் சரிபண்ணாமல் குழாயைத் திட்டி என்ன பிரயோசனம்? சிசிஎம்ஏவில் சமாதானம் பேசும்போது ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்: வேலை முடிந்த காரணம் ஆட்குறைப்பு, புது யூஐ-19 இத்தனை நாளில் கொடுக்க வேண்டும். தேதியோடு எழுதணும். பணத்தைப் பற்றியே பேசிப் பேசி இந்த வரியை மறந்துவிட்டு வெளியே வந்தவர்கள் உண்டு. ஒரு தடவை நானே மறந்திருக்கிறேன், அந்த மனுஷன் இன்றைக்கும் கோயிலில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான்.

மறுத்த தாளை மட்டும் பத்திரமாக வை. அப்பீல் கதவு மூடவில்லை.

கணக்குத் தம்பி முதலாளி பங்கைப் பற்றி எழுதினதும் ஒன்று ஞாபகம் வருகிறது. வீட்டு வேலை செய்பவர்களுக்கும் 2003லிருந்து யூஐஎஃப் உண்டு, மாதம் 24 மணி நேரத்துக்கு மேல் ஒரு வீட்டில் வேலை பார்த்தால் அந்த வீட்டுக்காரர் பதிந்து கட்ட வேண்டும். நம் வீடுகளுக்கு வருகிறவர்களுக்கு நம்மில் எத்தனை பேர் கட்டுகிறோம்? கேட்டால் சும்மா இருப்பீர்கள்.

---

சாட்ஸ்வொர்த் மருமகள் | அக்டோபர் 3

காலையில் கொடுத்துவிட்டேன். நாலு பேர் போனோம். ஐந்தாவது அக்கா வரவில்லை, அவளுடைய தம்பி இன்னும் அதே ஃபேக்டரியில் டிரைவராக இருக்கிறான், அவளைக் குறை சொல்ல முடியவில்லை. முத்திரை குத்திய நகலை வீட்டுக்குக் கொண்டுவந்து சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். மாமியார், அது என்ன தாள் என்று கேட்டார். முழுக் கதையையும் சொன்னேன். அந்த மேனேஜரின் பாட்டி கரும்புத் தோட்டத்தில் யாரோடு வேலை செய்தாள் என்பது வரை அவருக்குத் தெரிந்திருக்கிறது. அரை மணி நேரம் திட்டினார். என்னை இல்லை.

---

சாட்ஸ்வொர்த் மருமகள் | அக்டோபர் 30

நேற்று சிசிஎம்ஏவில் கூப்பிட்டார்கள். எங்களோடு இருந்த இரண்டு சுலு அக்காக்களுக்கு மொழிபெயர்க்க ஆள் போட்டிருந்தார்கள். மேனேஜர் முதலில் ராஜினாமா, ராஜினாமா என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அங்கே சமாதானம் பேசிவைக்கிற கமிஷனர் ஏப்ரன் மெசேஜை இரண்டு தடவை படித்தார். அப்புறம் எங்களை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அவரிடம் தனியாகப் பேசினார்.

ஆளுக்கு இன்னும் 12,000 ரேண்ட், இரண்டு தவணையில். கணக்குத் தம்பி சொன்ன 27,000 வரவில்லை. நின்று வழக்காடினால் முழுதும் கிடைத்திருக்கலாம், தெரியும். ஆனால் எங்களில் ஒருத்திக்கு வீட்டு வாடகை இரண்டு மாதம் பாக்கி, இன்னும் சில மாதம் காத்திருக்க முடியாது என்றாள். நாலு பேரும் சேர்ந்தே வாங்கிக்கொண்டோம். ஐயா சொன்ன வரியை நான்தான் கேட்டுச் சேர்க்க வைத்தேன். காரணம் ஆட்குறைப்பு, புது யூஐ-19 ஏழு நாளுக்குள். இந்தத் தடவை கையெழுத்துப் போடும் முன்னால் ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துப் படித்தேன், எல்லாரும் காத்திருந்தார்கள்.

ஒரே கேள்வி. புதுத் தாள் வந்ததும் பழைய விண்ணப்பத்துக்கு அப்பீல் போடுவதா, புதிதாக விண்ணப்பிப்பதா?

---

பழைய ஷாப் ஸ்டூவர்ட் | அக்டோபர் 30

12 மாதத்தில் இன்னும் பத்து மாதம் மிச்சம் இருக்கிறது. புதுத் தாளையும் சிசிஎம்ஏ ஒப்பந்தத்தையும் மறுத்த கடிதத்தையும் ஒன்றாகப் பின் பண்ணி லேபர் சென்டருக்கு எடுத்துப் போ, கவுண்டரிலேயே கேட்டுப் புதிதாகப் பதி. பேங்க் முத்திரை குத்திய தாளும் கொண்டுபோ, கணக்கு உன் பெயரிலேயே இருக்க வேண்டும், உன் புருஷன் பெயரில் இருந்தால் ஆகாது. பணம் வர ஆரம்பித்தபின் சொல்கிற தேதியில் தவறாமல் கையெழுத்துப் போடப் போ. ஏழாவது நாள் தாள் வரவில்லை என்றால் எட்டாவது நாள் காலையில் இங்கே எழுது.

அந்த ஐந்தாவது பெண்ணுக்குத் தாமத மன்னிப்பு மனு என்று ஒன்று இருக்கிறது என்று சொல்லி வை. சொல்லு, கட்டாயப்படுத்தாதே.