புதுப்பிப்பு: நேரலை இணைய வகுப்பில் மாணவர்களின் மௌனம் – பலன் தந்த வழி

நேரலை வகுப்பில் கேள்வி கேட்டால் எப்போதும் அதே இருவர் மட்டும் பதில் சொல்கிறார்கள், என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். யோசனை சொன்ன அனைவருக்கும் நன்றி.

பலன் தந்தது, எல்லோரும் விடையை அரட்டைப் பெட்டியில் தட்டச்சு செய்து வைத்திருந்து, நான் சொன்ன பிறகே ஒன்றாக அனுப்ப வேண்டும் என்ற யோசனைதான். முந்திக்கொண்டவரின் விடையைப் பார்த்து மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்வது இதனால் நின்றது. தவறான விடைகளும் சேர்ந்து வருவதால், பாடம் எந்த இடத்தில் புரியாமல் போயிற்று என்பது உடனே தெரிகிறது. விடைகள் பிளவுபட்ட கேள்விகளுக்கு மட்டும், ஹார்வர்டு இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1990களில் வளர்த்தெடுத்த சக மாணவர் விவாத முறையைப் பின்பற்றி, சிறு குழு அறைகளில் பேசவிட்டு மறுபடி விடை அனுப்பச் செய்தேன். பெரும்பாலோர் சரியாகச் சொன்ன கேள்விக்கு அது நேர விரயமே.

கேமராவைக் கட்டாயமாக்கும் யோசனையை முயலவில்லை. இணைப்பு வேகம் குறைந்தவர்களுக்கு அது தண்டனை என்பது என் கருத்து.

எதிர்பாராத சிக்கல் ஒன்று: திரைவாசிப்பான் (திரையில் உள்ள எழுத்தைக் குரலில் படித்துக்காட்டும் மென்பொருள்) பயன்படுத்தும் மாணவருக்கு, ஒரே நேரத்தில் குவியும் செய்திகள் என் குரலை மூழ்கடித்தன. இப்போது செய்திகள் வந்து முடியும்வரை நான் பேசுவதில்லை. பின்னர் முக்கியமான விடைகளை உரக்கப் படிக்கிறேன்.