கலைச்சொல் விவாதம்: மாணவரே வகுத்துக்கொள்ளும் பட்டப்படிப்புக்கு என்ன பெயர்?

வணக்கம் நண்பர்களே,

> அமெரிக்கக் கல்லூரிகளில் 'இன்டிவிஜுவலைஸ்டு லிபரல் ஸ்டடீஸ்' என்று ஒரு பட்டம் தருகிறார்கள். போக நினைக்கும் வேலைக்கு ஏற்றபடி மாணவரே பாடங்களை அமைத்துக்கொள்ளலாம். இங்குள்ள தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு கையேடு எழுதுகிறேன். 'தனிப்பயனாக்கப்பட்ட தாராளவாதக் கல்விப் பட்டம்' என்று போட்டிருக்கிறேன். படிப்பவர்களுக்குப் புரியுமா?

அம்மா, உங்கள் கையேடு கட்டாயம் வர வேண்டும். ஆனால் இந்தத் தொடரோடு வர வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதியில் இடம் உண்டு. சேர்த்துப் படித்தால் அரசியல் கொள்கை ஒன்றை மென்பொருளில் போட்டுத் தந்ததுபோல் ஒலிக்கிறது. அந்தப் படிப்பில் என்ன நடக்கிறது என்று பார்த்துவிட்டுப் பெயருக்கு வருவோம்.

அமெரிக்க இளநிலைப் பட்டத்துக்குப் பொதுவாக 120 கிரெடிட், அதாவது பாட அலகுகள், வேண்டும். ஒரு பகுதி எல்லோருக்கும் பொதுவான பாடங்கள், ஒரு பகுதி மேஜர் எனப்படும் முதன்மைத் துறைப் பாடங்கள், மிச்சம் விருப்பப் பாடங்கள். மேஜரில் எவை இருக்க வேண்டும் என்பதைத் துறை முடிவு செய்யும். நாம் பேசும் படிப்பில் அந்த முடிவை மாணவர் எடுக்கிறார். மருத்துவமனையில் நோயாளிகளுக்குத் துணைநிற்கும் பணிக்குப் போக நினைக்கும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். உயிரியல், புள்ளியியல், ஸ்பானிஷ், மானுடவியல், பொதுக்கொள்கை என்று பல துறைகளிலிருந்து பாடங்களைச் சேர்த்து ஒரு பட்டியல் போடுவாள். இவை ஏன் ஒன்றாக வர வேண்டும், எந்தப் பாடம் எந்த வேலைக்கு உதவும் என்று ஓர் உரை எழுதுவாள். ஒரு பேராசிரியர் பொறுப்பேற்பார். பிறகு கல்லூரியின் குழு பார்க்கும். மூன்றாம், நான்காம் ஆண்டுத் தரத்தில் பாடங்கள் குறைவு, ஆய்வுமுறைப் பாடமே இல்லை என்று திருப்பி அனுப்பும். அவள் திருத்தி மீண்டும் கொடுப்பாள். திட்டம் இப்படிப் போய்த் திரும்பி வருவதுதான் இந்தப் படிப்பின் உயிர். 'இஷ்டப்பட்டதைப் படிக்கலாம்' என்று நம்மவர்கள் நினைப்பது பெரிய தவறு.

இது நேற்று வந்த ஏற்பாடும் அல்ல. பாடத்திட்டத்தில் தங்களுக்கும் பங்கு வேண்டும் என்று மாணவர்கள் கேட்ட காலத்தில் பிறந்தது. பிரவுன் பல்கலைக்கழகம் 1969இல் தன் கட்டாயப் பாடங்களைத் தளர்த்தியது. 1970இல் மாசசூசெட்ஸில் ஹாம்ப்ஷயர் கல்லூரி திறந்தது. அடுத்த ஆண்டு நியூயார்க் மாநிலம் எம்பயர் ஸ்டேட் கல்லூரியைத் தொடங்கியது. வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் பெரியவர்களை மனத்தில் வைத்துத் தொடங்கிய இடம் அது. பணி அனுபவத்தில் கற்றதை மதிப்பிட்டு அதற்கும் கிரெடிட் கொடுக்கிறார்கள். நியூயார்க் பல்கலைக்கழகத்தின் உட்பிரிவான கேலட்டின் பள்ளி 1972இல் தொடங்கிய திட்டத்திலிருந்து வளர்ந்தது. அங்கே பட்டம் பெறும் முன் மாணவர் தன் நூற்பட்டியலை வைத்துக்கொண்டு ஆசிரியர்கள் முன் உட்கார்ந்து பேசித் தேற வேண்டும்.

பெற்றோருக்குச் சொல்ல வில் ஷார்ட்ஸை விட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது. இந்தியானா பல்கலைக்கழகத்தில் புதிர்களைப் பற்றிய படிப்பைத் தானே அமைத்து, 'எனிக்மட்டாலஜி' என்று பெயரிட்டு, 1974இல் பட்டம் வாங்கினார். அப்புறம் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் சட்டமும் படித்தார். 1993 முதல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் குறுக்கெழுத்துப் புதிர் ஆசிரியர். தன் பணியிலக்கை அவர் முதலில் தெரிந்துகொண்டார், படிப்பை அதற்காகக் கட்டினார். இந்த வரிசையை நம் சொல் காட்ட வேண்டும்.

இனி சொல்லுக்கு வருகிறேன். 'தனிப்பயனாக்கு' கணினித் தமிழில் நிலைத்துவிட்ட சொல். செல்பேசியின் முகப்புத் திரைக்கு அது பொருந்தும். வேறொருவர் செய்து முடித்த பொருளை நான் எனக்கேற்ப மாற்றிக்கொள்கிறேன். இந்தப் படிப்பிலோ முன்பே செய்து வைத்த பொருள் எதுவும் இல்லை. அதிலும் 'ஆக்கப்பட்ட' என்றவுடன் ஆக்கியவர் யார் என்பதே மறைந்துவிடுகிறது. மாணவர்தான் ஆக்கினார் என்பதைச் சொல்லத்தானே இவ்வளவு பாடு?

> 'சுயவடிவப் படிப்பு' எளிதாக இருக்கிறதே ஐயா.

எளிதுதான். ஆனால் தமிழ்நாட்டில் பிள்ளையைக் கல்லூரியில் சேர்த்த எவருக்கும் 'சுய' என்றவுடன் சுயநிதிப் பிரிவும் அதன் கட்டணமும்தான் நினைவுக்கு வரும். 'தனிப்படிப்பு' என்றால் டியூஷன் என்று கொள்வார்கள், இல்லையென்றால் தனித்தேர்வர். 'தன்வடிவமைப்புப் பட்டம்' என்று இன்னொரு நண்பர் சொன்னது பொருளால் நெருங்கி வருகிறது. ஆனால் வடிவமைப்புப் பட்டம் என்றால் ஆடை வடிவமைப்பு, வரைகலை வடிவமைப்பு என்றுதான் காதில் விழுகிறது.

நான் முன்வைப்பது 'தன்வகு படிப்பு'.

'வகு' என்ற வினையில் இந்தப் படிப்புக்கு வேண்டிய இரண்டு பொருளும் இருக்கின்றன. திட்டம் வகுத்தார், வியூகம் வகுத்தார் என்று நாளிதழில் அன்றாடம் பார்க்கிறோம். இலக்கை வைத்துக்கொண்டு வழியைத் தீர்மானிப்பது அது. இன்னொன்று பழைய பொருள். அரசின் வேலைகளை 'இயற்றலும் ஈட்டலும் காத்தலும் காத்த வகுத்தலும்' என்று இறைமாட்சி அதிகாரத்தில் வள்ளுவர் அடுக்குகிறார். அங்கே வகுத்தல் என்பது சேர்த்த பொருளை இன்னதற்கு இவ்வளவு என்று பிரித்து ஒதுக்குவது. 120 கிரெடிட்டைக் கையில் வைத்துக்கொண்டு புள்ளியியலுக்கு இவ்வளவு, மொழிக்கு இவ்வளவு, களப்பணிக்கு இவ்வளவு என்று மாணவர் செய்வதும் அதுவே.

'தன்வகுப்பு' என்று பெயராக்கிவிட வேண்டாம். வகுப்பறை வந்து நிற்கும். 'தன்வகுபட்டம்' என்று சேர்த்தால் கணக்குப் பாடத்தின் 'வகுபடும்' குறுக்கே வரும். 'தன்வகு படிப்பு' என்று இடம்விட்டு எழுதலாம். வினைத்தொகை என்பதால் நடுவில் ப் வேண்டாம். வகுத்த, வகுக்கின்ற, வகுக்கும் ஆகிய மூன்று காலமும் அதில் அடங்குகிறது. நடுவழியில் திட்டத்தைத் திருத்திக்கொள்ள இடம் தரும் படிப்புக்கு இது ரொம்பப் பொருத்தம். தன்னாட்சிக் கல்லூரி, தன்வரலாறு என்று 'தன்' நமக்குப் பழகியது என்பதால் முன்னொட்டிலும் தடுமாற்றம் இருக்காது.

அடுத்து 'லிபரல்'. தாராளவாதம் அரசியல் கொள்கையின் பெயர், அதை அங்கேயே விட்டுவிடலாம். 'விடுதலைக் கலைகள்' லத்தீன் மூலத்துக்கு நெருக்கம்தான். அடிமை அல்லாத குடிமகனுக்கு உரிய கல்வி என்பது பழைய பொருள். இலக்கணம், தர்க்கம், சொல்வன்மை, எண்கணிதம், வடிவியல், இசை, வானியல் ஆகிய ஏழும் அதில் அடங்கின. ஆனால் கையேட்டைப் பிரிக்கும் பெற்றோருக்கு இந்த வரலாறு எதற்கு? 2009இல் ஹாங்காங் உயர்நிலைப் பள்ளிகளில் லிபரல் ஸ்டடீஸைக் கட்டாயப் பாடமாக்கினார்கள். சீன மொழியில் அதன் பெயரில் விடுதலையும் இல்லை, தாராளமும் இல்லை. பரந்து அறிதல் என்ற பொருளில்தான் வைத்தார்கள். நாமும் 'பல்துறைக் கல்வி' என்றே சொல்லிவிடலாம். 'கேரியர் கோல்' என்பதற்குப் 'பணியிலக்கு' போதும். 'தொழில்' சேர்த்தால் தொழிற்கல்வியாகிவிடும். பொறுப்பேற்கும் பேராசிரியரை மென்டர் என்கிறோமே, அதற்கு 'நெறியாளர்' நம் பல்கலைக்கழகங்களில் ஏற்கெனவே புழங்குகிறது.

> நல்ல பெயர் வைத்தால் நம் பிள்ளைகள் இதில் போய் விழுவார்கள். வேலை கிடைக்குமா?

ஐயா, உங்கள் கவலை நியாயமானது. கையேட்டில் இதற்கு இரண்டு பக்கமாவது ஒதுக்கச் சொல்வேன். உரிமம் தேவைப்படும் பணிகளுக்கு இது வழி அல்ல. செவிலியர் ஆக ஒப்புதல் பெற்ற செவிலியர் படிப்பு வேண்டும், பொறியியல் உரிமத்துக்கும் அங்கீகாரம் பெற்ற பொறியியல் பட்டம்தான் வழக்கமான பாதை. சட்டக் கல்லூரிக்கு மேஜர் தடையில்லை. மருத்துவக் கல்லூரிக்கும் அப்படித்தான், ஆனால் அவர்கள் கேட்கும் உயிரியல், வேதியியல் பாடங்களைத் திட்டத்துக்குள் வகுத்துக்கொள்ள வேண்டும்.

தாயகத்திலிருந்து மாணவர் விசாவில் வருபவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை தேவை. படித்து முடித்தபின் ஓபிடி என்ற பணிப்பயிற்சி 12 மாதம் கிடைக்கும். குறிப்பிட்ட அறிவியல், தொழில்நுட்பத் துறைகளுக்கு மட்டும் மேலும் 24 மாதம் நீட்டிப்பு உண்டு. அதைத் தீர்மானிப்பது மாணவர் வைத்த அழகான தலைப்பு அல்ல, பட்டத்துக்குக் கல்லூரி தரும் குறியீட்டு எண். லிபரல் ஸ்டடீஸின் எண் 24.0101. அது நீட்டிப்புப் பட்டியலில் இல்லை. பாதிப் பாடங்கள் கணினியியல் என்றாலும் எண் மாறாது. சேரும் முன்பே இந்த எண்ணைக் கல்லூரியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள் என்று தடித்த எழுத்தில் போடுங்கள் அம்மா.

சரி, சொற்களை வைத்து ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன்:

'பணியிலக்கு தெளிவாக இருந்து, அதற்கேற்ற மேஜர் கல்லூரியில் இல்லாவிட்டால், பல்துறைக் கல்வியில் தன்வகு படிப்பைத் தேர்ந்தெடுக்கலாம். நெறியாளரோடு பேசிப் பாடங்களை வகுத்து, காரணவுரை எழுதி, குழுவின் ஒப்புதல் பெற வேண்டும். ஒப்புதல் கிடைத்தபின் மாற்றம் வேண்டுமென்றால் மீண்டும் குழுவைக் கேட்க வேண்டும்.'

எனக்கு இது தடையில்லாமல் ஓடுகிறது. உங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் பிள்ளைகளிடம் படித்துக் காட்டி, எங்கே நிற்கிறார்கள் என்று எழுதுங்கள்.

ஒரு சொல் இன்னும் பாக்கி. கேலட்டினில் மேஜர் என்று சொல்வதில்லை, 'கான்சென்ட்ரேஷன்' என்கிறார்கள். 'செறிவு' வேதியியலுக்குப் போய்விட்டது, 'குவியம்' இயற்பியலுக்கு. 'குவிபொருள்' என்று யோசித்தேன், ஆனால் குவித்து வைத்த பொருள் என்றும் படிக்க இடம் இருக்கிறது. இதைவிடப் பொருத்தமானது தோன்றினால் தாருங்கள். கையேடு அச்சுக்குப் போகும் முன் முடிவு செய்துவிடலாம்.

அன்புடன்