கலைச்சொல் முன்மொழிவு: ‘ஏற்பித் தணிவு’

நண்பர்களுக்கு வணக்கம்.

உணர்வேற்பி (தோல், மூக்கு, கண் போன்றவற்றில் உணரும் செல் அல்லது நரம்பு முனை), தூண்டல் (அதை எழுப்பும் ஒளி, மணம், அழுத்தம் போன்றவை), துலங்கல் (அதற்கு ஏற்பி தரும் பதில்) மூன்றும் பாடநூல்களில் வேரூன்றிவிட்டன. அவற்றைத் தொட வேண்டியதில்லை. நம் கலைச்சொல் குழுவில் இழுபறி நான்காவது சொல்லில்தான். தூண்டல் மாறாமல் நீடிக்கும்போது ஏற்பியின் துலங்கல் குறைந்துகொண்டே போகிறது. இதற்கு இதுவரை ‘தகவமைப்பு’ என்றே எழுதிவருகிறோம். அதை விட்டுவிட்டு ‘தணிவு’ என்று வைக்கலாம் என்பது என் முன்மொழிவு.

தகவமைப்பு நல்ல சொல். ஆனால் அதன் தலையில் ஏற்கெனவே பாரம் அதிகம். நான் குன்னூரில் உயிரியல் நடத்துகிறேன். பாறைச் சரிவில் வழுக்காத வரையாட்டின் குளம்பைச் சொன்னால் தகவமைப்பு. அது தலைமுறை தலைமுறையாக நடந்த மாற்றம். மேட்டுப்பாளையத்திலிருந்து வேலைக்கு வந்தவருக்கு முதல் மாதம் இரண்டு கம்பளி, அப்புறம் ஒன்றே போதும் என்றால் அதற்கும் தகவமைப்பு. அது ஒரே உடலுக்குள் வாரக்கணக்கில் நடப்பது. காலையில் மாட்டிய கம்பளிக் குல்லா சில நிமிடங்களில் காதில் இருப்பதே தெரியாமல் போவதற்கும் அதே சொல். தேர்வுத்தாளில் மாணவர்கள் மூன்றையும் கலந்து எழுதுவதில் வியப்பில்லை. நாம் கொடுத்த சொல் அவர்களுக்குப் பிரித்துக் காட்டவில்லை.

இந்தக் கடைசி நிகழ்வை 1926இல் எட்கர் ஏட்ரியனும் இங்வே சாட்டர்மனும் கேம்பிரிட்ஜில் ஒற்றை நரம்பிழையிலேயே பிடித்துக் காட்டினார்கள். தவளைத் தசையில் நீட்சியை உணரும் ஓர் ஏற்பி. அதிலிருந்து வரும் நரம்பிழை. தசையில் தொங்கவிட்ட எடையைக் கூட்டியபோது நரம்பிழையில் ஓடும் மின்துடிப்பின் அளவு கூடவில்லை, நொடிக்கு எத்தனை துடிப்பு என்பதுதான் கூடியது. அதே எடையை அப்படியே விட்டுவைத்தால் துடிப்புகள் மெல்ல மெல்ல இடைவெளி விட்டன. எடை குறையவில்லை, துலங்கல் குறைந்தது. நாம் பெயர் வைக்க வேண்டியது இதற்குத்தான். (ஏட்ரியனுக்கு 1932இல் ஷெரிங்டனுடன் சேர்த்து நோபல் பரிசு கிடைத்தது.)

குழுவில் வந்த மற்றச் சொற்களைப் பார்ப்போம். ‘மரத்துப்போதல்’ எல்லாருக்கும் தெரிந்த சொல்தான், ஆனால் அது உணர்வே அற்றுப்போவது. ஜனவரி உறைபனியில் உதகைக்கு அருகே தலைக்குந்தாவில் வெறுங்கையோடு நின்றால் விரல் மரக்கும். ஊசி குத்தினாலும் தெரியாது. குல்லா போட்ட காது அப்படியில்லை, ஒரு தூசி விழுந்தாலும் உணரும். ‘பழக்கம்’ என்பதை மூளைக்கு விட்டுவிடலாம். கொண்டை ஊசி வளைவில் இரவெல்லாம் பேருந்து ஒலி எழுப்பினாலும் சாலையோரத்து வீட்டில் இருப்பவர் தூங்குகிறார். காது கேட்கத்தான் செய்கிறது, மூளை பொருட்படுத்துவதில்லை.

‘களைப்பு’ என்ற முன்மொழிவுக்கு ஆதரவு அதிகம் இருந்ததால் கொஞ்சம் விரிவாகவே மறுக்கிறேன். தேயிலைத் தொழிற்சாலைக்குள் நுழைந்ததும் வாடிய இலையின் மணம் முகத்தில் அடிக்கும். சற்று நேரத்தில் அது தெரியாமல் போய்விடும். அந்த நேரத்தில் யாராவது நீலகிரித் தைலப் புட்டியைத் திறந்தால் மூக்கு உடனே பிடித்துக்கொள்கிறது. களைத்த மூக்கு என்றால் இது எப்படி முடியும்? மண மூலக்கூறு ஏற்பியில் ஒட்டியதும் செல்லின் அயனி வாயில்கள் (மின்னூட்டத் துகள்கள் நுழையும் வழிகள்) திறந்து கால்சியம் உள்ளே வருகிறது. சேதியைக் கொண்டுவரும் அதே கால்சியம் அந்த வாயில்களின் கூருணர்வையும் குறைத்துவிடுகிறது. அந்த மணத்தை ஏற்கும் செல்களில் மட்டும் இப்படி நடக்கிறது. இது ஓய்ந்துபோவது இல்லை, ஒழுங்குபடுத்துவது.

தோலின் ஆழத்தில் உள்ள பசினியன் நுண்ணுடல் என்னும் ஏற்பி இன்னும் தெளிவான சான்று. நரம்பு முனையைச் சுற்றி வெங்காயம் போல அடுக்கடுக்கான உறை, இடையில் நீர்மம். அழுத்தியதும் நரம்பு துடிக்கும். அழுத்தம் நீடித்தால் அடுக்குகள் நழுவி அதைத் தாங்கிக்கொள்ளும், முனைக்குச் சேதி போகாது. கையை எடுத்தால் மறுபடியும் துடிக்கும். 1960களில் அந்த உறையைக் கவனமாக உரித்துப் பார்த்தபோது துலங்கல் முன்னைவிட நீண்ட நேரம் நின்றது. அதாவது தணிவில் ஒரு பங்கு அந்த உறையின் வேலை. அதிர்வைப் பிடிப்பதற்கென்றே அமைந்த ஏற்பிக்கு நிலையான அழுத்தம் வேண்டாத சேதிதானே.

தோலில் உள்ள இன்னொரு வகையான மெர்க்கல் ஏற்பி அப்படி விரைவாக அடங்காது. கொழுந்து கிள்ளும் விரலுக்கு இரண்டு வகையும் வேண்டும்: தண்டு விரலில் பட்டதையும் நழுவுவதையும் உடனே சொல்லி அடங்குவது மைஸ்னர் என்னும் தொடு ஏற்பி, பிடித்திருக்கும் வரை அதன் விளிம்பையும் விறைப்பையும் சொல்லிக்கொண்டே இருப்பது மெர்க்கல். இவற்றை ‘விரைதணிவு ஏற்பி’, ‘மெல்தணிவு ஏற்பி’ என்று அழைத்துப் பாருங்கள். ‘விரைவாகத் தகவமையும் ஏற்பி’ என்று எழுதும்போது வரும் தடுமாற்றம் இல்லை.

‘காய்ச்சல் தணிந்தது’ என்றால் காய்ச்சலே குறைந்தது என்றுதானே பொருள், தூண்டலே குறைந்ததாக மாணவர் நினைக்க மாட்டாரா என்று கோவை மருத்துவ நண்பர் கேட்டார். சரியான கேள்வி. அதனால்தான் தனியாக ‘தணிவு’ என்று விடாமல் முதல் முறை ‘ஏற்பித் தணிவு’ என்றே எழுத வேண்டும் என்கிறேன். தணிவது எது என்பதைச் சொல்லே காட்டிவிடும்.

கண் பற்றிய எதிர்ப்பு இதைவிடக் கடினமானது. வெயிலிலிருந்து இருட்டறைக்குள் போனால் கண்ணின் உணர்திறன் ஏறுகிறது. மங்கிய ஒளியில் பார்க்க உதவும் கோல் செல்கள் முழுத்திறனை எட்ட அரை மணி நேரம் வரை ஆகும். இதைத் தணிவு என்று சொன்னால் தலைகீழாகிவிடும். என் தீர்வு, ஒரே சொல்லை எல்லாவற்றுக்கும் இழுக்காமல் இதை ‘இருள்தெளிவு’ என்று பிரித்துவிடுவது. ‘இப்போதுதான் கண் தெளிந்தது’ என்று பேச்சில் சொல்கிறோமே, அந்தத் தெளிவுதான். வெளிச்சத்துக்கு வரும்போது நடப்பதை ‘ஒளித்தணிவு’ எனலாம்.

வலியுணர் ஏற்பிகளுக்காகத் ‘தணிவு’க்கு எதிரான சொல் ஒன்றும் வேண்டும். அவை பெரிதாகத் தணிவதில்லை. காயம் பட்டால் இன்னும் கூர்மையாகின்றன. 1997இல் கண்டறியப்பட்ட டிஆர்பிவி1 என்னும் வெப்ப ஏற்பி சாதாரணமாக 43 டிகிரி செல்சியஸை ஒட்டித்தான் திறக்கும். மிளகாயின் கேப்சைசினும் அதைத் திறக்கும். அழற்சியில் (காயம் பட்ட இடம் சிவந்து வீங்கும்போது) சுரக்கும் பொருள்கள் அந்த வரம்பைக் கீழே இறக்கிவிடும். உதகையில் குளிர்தானே என்று பகலெல்லாம் வெயிலில் அலைந்து முகம் கன்றியவருக்கு, சாயங்காலம் வெதுவெதுப்பான நீரே சுடுவது இதனால்தான். இதற்குக் ‘கூர்ப்பு’ என்று வைக்க எனக்கு ஆசை. ஆனால் இலங்கைப் பாடநூல்களில் கூர்ப்பு என்றால் பரிணாமம். இரு கரைக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று ‘ஏற்பிக் கூர்மை’ என்று முன்வைக்கிறேன்.

குளிரேற்பிக்கு வேதிப்பொருளும் தூண்டலாகுமா என்று ஒருவர் கேட்டிருந்தார். ஆகும். 2002இல் அடையாளம் கண்ட டிஆர்பிஎம்8 ஏற்பியைக் குளிரும் திறக்கும், மென்தாலும் திறக்கும், நம் நீலகிரித் தைலத்தில் மிகுதியாக உள்ள யூகலிப்டாலும் திறக்கும். நெற்றியில் தேய்த்ததும் வரும் குளிர்ச்சியில் அதற்குப் பங்கு உண்டு. ஆகவே ‘குளிரேற்பி’ என்ற பெயர் இருக்கட்டும், விளக்கத்தில் ‘வெப்பநிலையை மட்டும் உணர்வது’ என்று எழுதிவிட வேண்டாம்.

‘மெல்தணிவு’ என்பதை மென்மை என்று எவராவது படிப்பாரோ என்ற ஐயம் எனக்கு இருக்கிறது. ‘நெடுந்தணிவு’ பொருந்துமா? இலங்கை நண்பர்கள் அங்குள்ள வழக்கையும் சொன்னால் பட்டியலில் ஏற்றிவிடலாம்.