கிரேட் ஓஷன் ரோடு: அம்மாவோடு ஒரே நாளில் போய் வர முடியுமா?

தண்டையார்பேட்டைக்காரன்:
டிசம்பரில் தங்கை வீட்டுக்கு மெல்போர்ன் போகிறோம். அம்மாவுக்கு 64 வயது, முட்டிவலி, ஆனால் கடல் என்றால் உயிர். மச்சானுக்கு லீவு இல்லையாம், அதனால் வாடகைக்குக் கார் எடுத்து நானே ஓட்டலாம் என்று இருக்கிறேன். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே தினமும் ஓட்டுகிறவன்தான், இருந்தாலும் கொஞ்சம் உதறுகிறது. நம்ம லைசென்ஸ் போதுமா? கிரேட் ஓஷன் ரோடு என்கிற கடலோரச் சாலையில் போய், கடலுக்குள் நிற்கும் ட்வெல்வ் அப்போசல்ஸ் (பன்னிரண்டு அப்போஸ்தலர்கள்) பாறைகளைப் பார்த்துவிட்டு அன்றைக்கே திரும்பிவிடலாமா?

ராயபுரம்_ரவுண்டானா:
அன்றைக்கே திரும்பலாம் என்ற கணக்கைப் போட்டுத்தான் போன வருஷம் நானும் மாட்டினேன். அந்த ரோடு டார்க்கீ என்ற ஊரிலிருந்து ஆலன்ஸ்ஃபோர்ட் வரை சுமார் 240 கிலோமீட்டர், விழுப்புரம் போய்த் திரும்புகிற தூரம்கூட இல்லையே என்று தோன்றும். ஆனால் லோர்ன் என்ற ஊரைத் தாண்டியதும் ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் கடல், வளைவுக்கு மேல் வளைவு, போதாததற்கு பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை "இங்கே நிறுத்துடா" என்று வீட்டில் இருப்பவர்கள். திரும்பும்போது இருட்டிவிட்டது, ஒரு கங்காரு குறுக்கே பாய்ந்தது, பிரேக்கை மிதித்த மிதியில் அப்புறம் மெல்போர்ன் வரை வண்டியில் ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. ஒரு ராத்திரி தங்குங்கள்.

லைசென்ஸ் ஆங்கிலத்தில் இருந்தால் சுற்றுலா போகிறவர்களுக்கு அங்கே செல்லும். வாடகை கம்பெனி சர்வதேச பர்மிட் கேட்கலாம், ஆர்டிஓவில் எடுத்து வைத்துக்கொண்டால் தொல்லை விட்டது. அங்கேயும் இடது பக்கம்தான் ஓட்டுகிறார்கள். டார்க்கீயிலிருந்து மேற்கே போனால் கடல் உங்கள் இடது கைப் பக்கமே வரும், ஓரங்கட்ட எதிர் வண்டிகளுக்குக் குறுக்கே திரும்ப வேண்டாம். திரும்பும்போது கோலாக் வழியாக உள்ரோட்டில் வந்துவிடுங்கள். நடுவில் காட்டுப்பகுதியில் சிக்னல் போய்விடும், மேப்பை முன்னாலேயே இறக்கி வையுங்கள்.

திருவொற்றியூர்_கரை:
பேரைப் பார்த்து அம்மாவைப் பாறைகளை எண்ணச் சொல்லாதீர்கள் தம்பி, அங்கே பன்னிரண்டு எப்போதும் இருந்ததில்லை. 2005 ஜூலையில் இருந்ததிலும் ஒன்று சரிந்துவிட்டது. கொஞ்சம் தள்ளி லண்டன் பிரிட்ஜ் என்று ஒரு பாறை, 1990இல் கரையோடு ஒட்டியிருந்த வளைவு திடீரென்று விழுந்து, மேலே நின்ற இரண்டு பேரை ஹெலிகாப்டரில் போய்த் தூக்கி வந்தார்கள். சுண்ணாம்புக் கல்லை அலை அரித்துத் தள்ளுகிறது, அது இயற்கையின் வேலை. நம்ம பக்கம் துறைமுகச் சுவர் வடக்கே போகும் மணலை மறித்ததால் கரை போய், கல்லைக் கொட்டி வைத்திருக்கிறோம். அங்கே நின்றபோது எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது.

அந்த ரோட்டையே முதல் உலகப்போரிலிருந்து திரும்பிய சிப்பாய்கள் 1919இல் தொடங்கி 1932 வரை கடப்பாரையும் மண்வெட்டியுமாகப் போட்டார்கள். ஈஸ்டர்ன் வியூவில் அவர்களுக்காக ஒரு நினைவு வளைவு இருக்கிறது, இறங்கிப் பாருங்கள்.

கொருக்குப்பேட்டை_லட்சு:
அண்ணா, பாறைகளைப் பார்க்கிற மேடைக்கு நல்ல நடைபாதை இருக்கிறது, அம்மா மெதுவாக நடந்துவிடுவார்கள். கடற்கரைக்கு இறங்கும் கிப்சன் ஸ்டெப்ஸ் படிகள் மட்டும் வேண்டாம், முட்டி போய்விடும். டிசம்பர் அங்கே கோடைதான், ஆனாலும் காற்று பிய்த்து எடுக்கும், ஸ்வெட்டர் கட்டாயம். முக்கியமான விஷயம், கருவாடு, ஊறுகாய் என்று எதைக் கட்டினாலும் ஏர்போர்ட் படிவத்தில் மறைக்காமல் எழுதுங்கள். எழுதிக் காட்டினால் அதிகபட்சம் தூக்கிப் போடுவார்கள், மறைத்து மாட்டினால் அபராதம் தீட்டிவிடுவார்கள்.

தண்டையார்பேட்டைக்காரன்:
சரி, தங்குகிறோம். அப்போலோ பேயா, போர்ட் கேம்ப்பெல்லா?

ராயபுரம்_ரவுண்டானா:
போர்ட் கேம்ப்பெல். பாறைகள் பக்கத்திலேயே இருப்பதால் சாயங்காலமும் பார்க்கலாம், காலையில் டூரிஸ்ட் பஸ்கள் வருவதற்கு முன்னாலும் பார்க்கலாம்.

தண்டையார்பேட்டைக்காரன்:
நன்றி. கருவாட்டு விஷயத்தை அம்மாவிடம் யார் சொல்வது என்பதுதான் இப்போது பிரச்சினை. தங்கைக்கென்று காசிமேட்டில் நெத்திலி சொல்லி வைத்தாகிவிட்டது.