வலி இல்லாத நாளில் பல் டாக்டரிடம் போனோம்

கோத்தகிரி அம்மா

என் மூத்தவளுக்கு 7 வயது. சின்னவனுக்கு 2 முடியப் போகிறது. ஒரே வீட்டுப் பிள்ளைகள்தான். ஆனால் பல் டாக்டரிடம் முதல் தடவை போன கதை இரண்டு பேருக்கும் அப்படியே தலைகீழ். ரொம்ப நாளாக மனதில் கிடந்ததை இன்றைக்கு எழுதிவிடுகிறேன்.

மூத்தவள் மார்கழியில் பிறந்தவள். எங்கள் ஊர்க் குளிரில் ராத்திரி நாலைந்து தடவை எழுந்து அழுவாள். சர்க்கரை போட்ட பாலைப் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தால் உறிஞ்சிக்கொண்டே தூங்கிவிடுவாள். ரெண்டரை வயது வரைக்கும் அந்தப் பழக்கம் விடவில்லை. மேல் முன்பற்கள் நாலிலும் ஈறை ஒட்டி வெள்ளையாக ஒரு கோடு தெரிந்தது. பால் படிந்திருக்கிறது என்று நினைத்து ஈரத்துணியால் துடைத்தேன். போகவில்லை. சில மாதத்தில் கோடு பழுப்பானது. அப்புறம் பல்லின் ஓரம் பொடிப்பொடியாக உதிர்ந்தது. "பால்பல்லுதானே, விழுந்து முளைச்சிரும்" என்றார் மாமியார். யாரைக் கேட்டாலும் அதே பதில்தான். நானும் நம்பினேன்.

நாலரை வயதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, கீழ்க் கடைவாய்ப் பல்லில் வலி வந்து கன்னம் பன்னு மாதிரி வீங்கிவிட்டது. வீட்டில் இருந்த பாராசிட்டமால் சிரப்பைக் கொடுத்துவிட்டு, விடிகிற வரைக்கும் மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காலை முதல் பஸ்ஸில் மேட்டுப்பாளையம் இறங்கினோம். வளைவுக்கு வளைவு வாந்தி. தூக்கம் இல்லை, வயிற்றில் ஒன்றும் இல்லை, ஒரு பக்கக் கன்னத்தைத் தொட விடவில்லை. என் பிள்ளை முதன்முதலாக ஒரு பல் டாக்டரைப் பார்த்தது அந்தக் கோலத்தில்தான். கையை நான் பிடித்துக்கொண்டேன், காலை அவள் அப்பா பிடித்துக்கொண்டார். அவள் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

"பிடுங்கிப் போட்டுடுங்க டாக்டர்" என்றேன். அப்போதுதான் அவர் விளக்கினார். முன்பல்தான் ஆறேழு வயதில் விழும். கடைவாய்ப் பால்பல் 10, 11 வயது வரைக்கும் அங்கேயே இருந்தாக வேண்டும். முன்கூட்டியே எடுத்துவிட்டால் பின்னால் இருக்கிற பல் சாய்ந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அடியில் இருக்கிற நிரந்தரப் பல் ஏறி வர வழி இல்லாமல் கோணலாக வரும். அதனால் பல்லின் வேரைச் சுத்தம் செய்து, மருந்து வைத்து, மேலே எஃகு மூடி போட்டார். அதற்கு நாலு தடவை மலை இறங்கி ஏறினோம். அதற்குப் பிறகு ஒரு வருஷம் வெள்ளை அங்கி போட்டவர்களைப் பார்த்தாலே என் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வாள். சளிக்குப் போனால்கூட வாயைத் திறக்க மாட்டாள்.

சின்னவனை முதல் பிறந்தநாள் முடிந்த வாரமே கூட்டிப் போனேன். அப்போது அவன் வாயில் மொத்தமே 6 பல். டாக்டரம்மா அவனை நாற்காலியில் படுக்கவே வைக்கவில்லை. அவரும் நானும் எதிரெதிரே முழங்கால் இடிக்க உட்கார்ந்தோம். பையன் என் இடுப்பைக் காலால் கட்டிக்கொண்டு, தலையை அவர் மடியில் சாய்த்துப் படுத்தான். மேலே பார்த்தால் டாக்டர் முகம், கீழே பார்த்தால் என் முகம். கொஞ்சம் சிணுங்கினான். ஒரு நிமிஷத்தில் முடிந்துவிட்டது.

மீதி நேரமெல்லாம் எனக்குத்தான் வைத்தியம். ராத்திரிப் பாட்டிலில் தண்ணீரைத் தவிர எதுவும் கூடாது. பேஸ்ட் டியூபில், சொத்தையைத் தடுக்கிற ஃப்ளூரைடு 1000 பிபிஎம் என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். 3 வயது வரைக்கும் அரிசி அளவு, அதற்கு மேல் பட்டாணி அளவு. ஏழெட்டு வயது வரைக்கும் நாம்தான் தேய்த்துவிட வேண்டும். கடைசியாக ஒன்று சொன்னார்: "மாசம் ஒரு நாள் மேல் உதட்டைத் தூக்கிப் பாருங்க. ஈறு ஓரம் வெள்ளையா கோடு தெரிஞ்சா அந்த வாரமே வந்துடுங்க. குழி விழாத வரைக்கும் அதைப் பழையபடி சரியாக்கிடலாம்."

நான் ஈரத்துணியால் துடைத்த அதே வெள்ளைக் கோடு! வீட்டுக்கு வந்து வெகுநேரம் அழுதேன்.

ஆறு மாதத்துக்கு ஒரு தடவை காட்டச் சொல்லியிருக்கிறார். மலையில் இருந்துகொண்டு நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று எழுதுங்கள்.

கூடலூர் அப்பா

அக்கா, படிச்ச கையோட சின்னவ உதட்டைத் தூக்கிப் பார்த்துட்டுதான் எழுதறேன். நல்லவேளை, கோடு ஒண்ணும் இல்ல.

நான் ஆட்டோ ஓட்டறேன். என் பையன் ஒண்ணாம் வகுப்பு படிக்கும்போது ஸ்கூலுக்கு வந்த டாக்டர் குழு பார்த்துட்டு, பல் டாக்டர்கிட்ட காட்டுங்கன்னு சீட்டு கொடுத்து அனுப்பிச்சாங்க. வலியும் இல்ல, வீக்கமும் இல்ல. எதுக்குப் போகணும்னு ரெண்டு மாசம் அந்தச் சீட்டை வண்டி டேஷ்போர்டுலயே வச்சிருந்தேன். ஒரு நாள் பல் டாக்டர்கிட்ட ஒரு சவாரியை இறக்கிவிடப் போனப்ப சும்மா கேட்டுவச்சேன், அவர் பையனைக் கூட்டிட்டு வரச் சொன்னார்.

பார்த்துட்டு அவர் சொன்னது எனக்குப் புதுசு. 6 வயசுல மேலயும் கீழயும் ரெண்டு பக்கமும், கடைசிப் பால்பல்லுக்குப் பின்னாடி புதுசா ஒரு கடைவாய்ப் பல் முளைக்குமாம். எந்தப் பல்லும் விழாமயே வர்றதால, பெத்தவங்க அதையும் பால்பல்னே நினைச்சுக்கிறாங்க. உண்மையில அதுதான் வாயில வர்ற முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல். சாகுற வரைக்கும் அதே பல்தான், அது போனா வேற கிடையாது. மேல் பக்கம் குழி குழியா, பிரஷ் நார்கூட இறங்காத அளவுக்கு ஆழமா இருக்கும். வர்க்கி, பிஸ்கட் மாவெல்லாம் போய் அப்பிக்கிற இடம் அதுதான்.

நாலு பல்லையும் பஞ்சு வச்சுக் காய வச்சு, ஏதோ ஒரு ஜெல் தடவிக் கழுவி, அந்தக் குழியை அடைக்க மெழுகு மாதிரி ஒரு பூச்சு ஊத்தி, அது இறுக நீல விளக்கு காட்டினார். ஊசி கிடையாது, துளை போடலை. வெளிய வந்ததும் பையன் கேட்ட முதல் கேள்வி, "அப்பா, அந்த நீல லைட்டு கடையில கிடைக்குமா?" ஒவ்வொரு தடவை போகும்போதும் பூச்சு தேஞ்சிருக்கான்னு பார்க்கிறார்.

எங்க பக்கம் ஆனியிலயும் ஆடியிலயும் அடைமழை, மரம் விழுந்து ரோடு நிக்கும். அதனால பிப்ரவரி ஒரு தடவை, காலாண்டு லீவுல ஒரு தடவைன்னு வச்சிருக்கேன்.

பந்தலூர் பக்கம், தோட்டத்தில் வேலை செய்யும் அம்மா

எங்க தோட்டத்து லைன் வீடுகள்ல எல்லாப் பிள்ளைக்கும் முன்பல் கருப்புதான். நான் சின்ன வயசுல அப்படித்தான் இருந்தேன், அதனால அது வியாதின்னே தோணலை.

காலையில கொழுந்து எடுக்கப் போகும்போது பெரிய பிளாஸ்க்ல டீ போட்டு ஆத்தாகிட்ட கொடுத்துட்டுப் போவேன். குளிருக்குப் பிள்ளை தண்ணி குடிக்காது, சூடா டீ கேட்கும். ஆத்தாவும் பாவம், அழுதா ஒரு மடக்கு, சிரிச்சா ஒரு மடக்குன்னு பொழுது சாயற வரைக்கும் ஊத்திக் கொடுக்கும். பல் நர்ஸம்மா ஒருத்தங்கதான் புரிய வச்சாங்க. இனிப்பு உள்ள போன ஒவ்வொரு தடவையும் இருபது முப்பது நிமிஷத்துக்கு வாயில அமிலம் இருக்குமாம், எச்சில் அதைக் கழுவி எடுக்க நேரம் வேணுமாம். ஒரு டம்ளர் டீயை ஒரேயடியா குடிச்சா ஒரு தடவை. அதையே மடக்கு மடக்கா நாள் முழுக்கக் குடிச்சா நாள் முழுக்கப் பல் அமிலத்துல ஊறுது. சர்க்கரை எத்தனை கரண்டி போடறோம்னுதான் இத்தனை நாளா பார்த்தேன். எத்தனை தடவை கொடுக்கிறோம்னு பார்க்கணும்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. இப்ப காலையில ஒண்ணு, நாலு மணிக்கு ஒண்ணு. நடுவுல கேட்டா வெந்நீர்தான். ஆத்தாவைப் பழக்குறதுக்குத்தான் பிள்ளையைப் பழக்கினதைவிட அதிக நாள் ஆச்சு.

இன்னொண்ணு. விடியக்காலைக் குழாய்த் தண்ணி கையில பட்டாலே விரல் மரத்துப்போகும். அந்தத் தண்ணியில பிள்ளை எப்படிப் பல் விளக்கும்? அடுப்புல ஒரு சொம்பு வெதுவெதுப்பா வச்சுக் கொடுத்தேன், மல்லுக்கட்டுறது நின்னுபோச்சு.

கோத்தகிரி அக்கா கேட்டதுக்குப் பதில். ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போனா ஒரு நாள் கூலி போயிரும். நானும் நாத்தனாரும் முறை போட்டுக்கிட்டோம். ஒரு தடவை நான் நாலு பிள்ளைகளையும் கூட்டிட்டுப் போவேன், அடுத்த தடவை அவ. ஒண்ணு வாயைத் திறக்கிறதைப் பார்த்து இன்னொண்ணு திறக்குது.

குன்னூர் ஆசிரியை

கூடலூர் சகோதரர் சொன்ன பள்ளி மருத்துவக் குழுவைப் பற்றி ஒரு வார்த்தை. இது 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் நடமாடும் குழு. அங்கன்வாடிகளுக்கு வருஷத்துக்கு இரண்டு முறை, அரசுப் பள்ளிகளுக்கு ஒரு முறை வருவது ஏற்பாடு. அவர்கள் பார்க்கும் குறைபாடுகளில் பல் சொத்தையும் ஒன்று. அவர்கள் கொடுக்கும் சீட்டு பல பிள்ளைகளின் பையிலேயே மடங்கிக் கிழிந்துபோவதை நான் பார்த்திருக்கிறேன். இப்போதெல்லாம் சீட்டு வாங்கிய பிள்ளைகளின் வீட்டுக்கு நானே போன் செய்துவிடுகிறேன்.

என் மகளுக்கு 11 வயது. ஈறு ஓரமாகப் பென்சிலால் வரைந்தது போல் கருப்புக் கோடு. சொத்தை என்று பயந்து போனோம். அது சொத்தை இல்லை, ஒருவகை பாக்டீரியாவால் வரும் கறை, சுத்தம் செய்தால் போய்விடும் என்றார் டாக்டர். கீழ் முன்பற்களின் உள்பக்கம் காரையும், அதாவது கல் மாதிரி இறுகிப்போன அழுக்கும், படிந்திருந்தது. "சுத்தம் பண்ணினா பல் ஆடிப்போகும், வேண்டாம்" என்று என் அம்மா தடுத்தார். டாக்டர் அம்மாவையே உள்ளே கூப்பிட்டுக் கண்ணாடியில் காட்டினார். பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் காரை சிமெண்ட் மாதிரி அடைத்திருக்கிறது. அதை எடுத்ததும் நாக்குக்கு இடைவெளி தட்டுப்படும், அதைத்தான் பல் ஆடுவதாக நினைத்துக்கொள்கிறோம். ஈறைக் கெடுத்துப் பல்லை உண்மையிலேயே ஆட வைப்பது அந்தக் காரைதான்.

அவர் மகளைக் கையாண்ட விதத்தை ஓர் ஆசிரியையாக ரசித்தேன். முதலில் சொன்னார், பிறகு காட்டினார், பிறகுதான் செய்தார். சுழலும் ரப்பர் கிண்ணத்தை முதலில் அவள் கட்டைவிரல் நகத்தில் வைத்துக் காட்டினார். தண்ணீர் பீச்சும் கருவியைத் தன் உள்ளங்கையில் பீச்சிக் காட்டினார். கையைத் தூக்கினால் உடனே நிறுத்திவிடுவேன் என்றார், அவள் தூக்கிய இரண்டு தடவையும் நிறுத்தினார். அதற்குப் பிறகு அவள் தூக்கவே இல்லை. குன்னூர்த் தண்ணீருக்கு இரண்டு நாள் பல் கூசியது, அவ்வளவுதான். எல்லாப் பிள்ளைக்கும் கருவி வைத்துக் காரை எடுக்க வேண்டியதில்லை என்றும் சொன்னார். காரை இல்லாத சின்னப் பிள்ளைகளுக்கு வெறும் மெருகேற்றல் போதுமாம்.

பெற்றோரிடம் நான் கெஞ்சிக் கேட்பது ஒன்றுதான். "சேட்டை பண்ணினா பல் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போய் ஊசி போட்டுடுவேன்" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். "ஊசி போடமாட்டாங்க, வலிக்காது" என்றும் சொல்ல வேண்டாம். அதுவரை நினைக்காத ஊசியை நாமே ஞாபகப்படுத்திவிடுகிறோம். "பல்லை எண்ணிப் பார்ப்பாங்க" என்று சொன்னால் போதும்.

ஊட்டி அம்மா

என் மகனுக்கு 8 வயது, ஆட்டிசம் உண்டு. சத்தமும் பளிச்சென்ற வெளிச்சமும் அவனுக்கு ஆகாது. ஓரிடத்தில் "இந்தப் பிள்ளையை மயக்கம் கொடுத்துத்தான் பார்க்கணும்" என்று வாசலிலேயே சொல்லி அனுப்பிவிட்டார்கள். இரண்டு வருஷம் நான் எங்கேயும் போகவில்லை.

இப்போது பார்க்கும் டாக்டர் காலையில் முதல் ஆளாக, வேறு யாரும் இல்லாத நேரத்தில் வரச் சொன்னார். முதல் நாள் நாற்காலியில் உட்கார்ந்தான், பத்து வரை எண்ணினோம், இறங்கினான். அவ்வளவுதான், வீட்டுக்கு வந்துவிட்டோம். இதற்கா இவ்வளவு தூரம் என்று என் கணவருக்கு வருத்தம். ஒரு பிளாஸ்டிக் வாய்க் கண்ணாடியைக் கொடுத்து அனுப்பியிருந்தார். தினமும் அதை வைத்து அவன் என் பல்லைப் பார்ப்பான், நான் அவன் பல்லைப் பார்ப்பேன். இரண்டாம் தடவை அதே கண்ணாடியோடு போனோம், பார்க்க விட்டான். மூன்றாம் தடவை அப்பாவின் கருப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படுத்தான். மெஷின் எதுவும் இல்லாமல் சாதாரண பிரஷ்ஷால் சுத்தம் செய்து, ஃப்ளூரைடு வார்னிஷ் பூசினார். ஒரு நிமிஷ வேலை, எச்சில் பட்டதும் இறுகிக்கொள்ளும். சில மணி நேரம் சூடாகவோ கடினமாகவோ எதுவும் கூடாது, அன்று ராத்திரி பல் தேய்க்கவும் கூடாது என்றார். ஆறிய கஞ்சி கொடுத்தேன்.

சொத்தை ஒன்றும் இல்லை என்று அவர் சொன்னபோது எனக்குப் பேச்சே வரவில்லை. வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்ட அம்மாக்கள் யாராவது இதைப் படித்தால், இன்னொரு வாசலையும் தட்டிப் பாருங்கள்.

கோத்தகிரி அம்மா

எல்லோருடையதையும் இரண்டு தடவை படித்துவிட்டேன். ஊட்டி அம்மா, உங்கள் பத்து வரை எண்ணிய கதையை என் மாமியாருக்கும் வாசித்துக் காட்டினேன்.

நாங்களும் ஒரு கணக்குக்கு வந்திருக்கிறோம். சீசன் மாதங்களில் ரோடு முழுக்கச் சுற்றுலா வண்டி. ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் பக்கம் மண் சரியும். அதனால் ஆடியில் ஒன்று, தையில் ஒன்று.

போன வாரம் ஆடி முறை. சின்னவன் தயங்கி நின்றான். யாரும் சொல்லாமலே மூத்தவள் போய் நாற்காலியில் ஏறிப் படுத்துக்கொண்டாள். "நான் முதல்ல காட்டறேன், நீ பாரு" என்றாள். மேல் முன்பல் இரண்டும் இப்போதுதான் விழுந்திருக்கின்றன. எஃகு மூடி போட்ட பல் இன்னும் அதன் இடத்திலேயே இருக்கிறது. டாக்டரம்மா ஒவ்வொரு பல்லாகத் தொட்டு, சத்தமாக எண்ணினார். தம்பிக்கு 16. இவளுக்கு 22.

"காலியா இருக்கிற ரெண்டையும் எப்போ எண்ணுவீங்க?" என்று கேட்டாள்.

"தையில வா, எண்ணலாம்" என்றார் டாக்டரம்மா.