புதுப்பிப்பு: கயலாமியில் கோல்ஃப் 7 ஜிடிஐ, பிரேக்கும் முன் டயரும்

முன்பு எழுதிய சிக்கல்: தென்னாப்பிரிக்காவின் கயலாமி பந்தயத் தடத்தில் என் ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் 7 ஜிடிஐ காரை ஓட்டும்போது சில சுற்றுகளிலேயே பிரேக் பெடல் தொய்கிறது, முன் டயரின் வெளி ஓரம் தேய்கிறது.

பெடல் சரியாகிவிட்டது. காரணம் பழைய பிரேக் ஆயில். டாட் 4 என்ற தர பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் உறிஞ்சினால் கொதிநிலை 155 வரை இறங்கலாம், ஆயில் கொதித்தால் பெடல் தொய்யும். ஆயிலோடு முன் பேடையும் மாற்றியாயிற்று. வளைவில் எக்ஸ்டிஎஸ் என்ற மின்னணு அமைப்பு முன்பக்க உள்சக்கரத்தைப் பிரேக் பிடித்துத்தான் இழுவை தருகிறது, ஆகவே முன் பிரேக்குக்கு ஓய்வே கிடையாது. கடைசிச் சுற்றை மெதுவாக ஓட்டி ஆறவிடுங்கள். நிறுத்தியதும் ஹேண்ட்பிரேக் வேண்டாம்.

கடலோர டர்பன் நகரில் டயருக்குக் காற்றடித்து வருபவர்கள் கவனிக்க: கயலாமி இருக்கும் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவு. அதே டயர், அதே வெப்பத்தில், கேஜில் சுமார் 0.15 பார் கூடுதலாகக் காட்டும். பிட்டிலேயே குளிர்ந்த டயருக்கு 2.0 பார் வையுங்கள், ஓடி வந்ததும் சூட்டோடு 2.4க்கு மேல் இருப்பதை இறக்குங்கள். தேய்மானம் குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. முன்பக்க நெகட்டிவ் கேம்பரை (சக்கரத்தின் மேல்பகுதி உள்நோக்கிச் சாயும் கோணம்) கூட்டாமல் அது தீராது.