மாதம் 350 ரூபாய்க்கு வெந்நீர்: கீசரை வாங்குகிறவன் ஏமாளியா?

மேலக்காவேரி (இழையைத் தொடங்கியவர்), காலை 5.52

நேற்று இன்வெர்ட்டர் இழையில் ஸ்கார்பரோ மாயவரத்தான் போகிற போக்கில் ஒன்றைக் கொளுத்திப் போட்டுவிட்டுப் போனார். "கீசரைக் காசு கொடுத்து வாங்குகிறவன் ஏமாளி. கனடாவில் நாங்கள் வெந்நீர்த் தொட்டியை வாடகைக்குத்தான் வைத்திருக்கிறோம். தஞ்சாவூரிலேயே இப்போது மாதம் 350 ரூபாய்க்குத் தருகிறார்கள், எடுத்துக்கொள்ளுங்கள்" என்று.

ராத்திரி தூக்கம் வரவில்லை. கும்பகோணத்தில் என் வீட்டுக் கீசருக்கு வயது 11. கொடுத்தது 7,200 ரூபாய். 132 மாதத்துக்கு வகுத்தால் மாதம் 55 ரூபாய்கூட ஆகவில்லை. அவர் சொல்கிறபடி வாடகைக்கு எடுத்திருந்தால் இதுவரை 46,200 ரூபாய் கட்டியிருப்பேன். அந்தப் பணத்தில் ஒரு கறவை மாடு பிடிக்கலாம். இப்போது சொல்லுங்கள், ஏமாளி யார்?

ஸ்கார்பரோ மாயவரத்தான், காலை 6.20

இங்கே ராத்திரி. வெளியே மைனஸ் 9. நான் சொன்னதை முழுசாகப் போட்டிருக்கலாம். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு என்றும் சொல்லியிருந்தேன், அதை மட்டும் எலி கடித்துவிட்டதுபோல.

எங்கள் பேஸ்மென்ட்டில் இருப்பது கேஸில் எரிகிற 40 கேலன் தொட்டி, ஏறக்குறைய 150 லிட்டர். வீடு வாங்கும்போதே வாடகைத் தொட்டியோடுதான் வந்தது. மாதம் 38 டாலர். 2021 ஜனவரியில் அடியில் ஒழுக ஆரம்பித்தது. போன் போட்டேன், மறுநாள் மத்தியானம் புதுத் தொட்டி. ஒரு காசு கேட்கவில்லை. மேலக்காவேரி 11 வருஷம் என்கிறாரே, அதற்குள் எத்தனை முறை ஆள் கூப்பிட்டார் என்பதையும் சொல்லட்டும்.

கடைமடை, காலை 6.41

11 வருஷமா? வேதாரண்யம் பக்கம் ஒரு தடவை வாங்க சார். எங்க வீட்டில் முதல் கீசர் இரண்டரை வருஷம், அடுத்தது மூன்று. போர்த் தண்ணீரை வாயில் வைத்தால் கடல் நினைவுக்கு வரும். கொள்ளிடத்திலிருந்து குழாயில் வருகிற தண்ணீர் குடிக்கத்தான் பத்தும், குளிக்க எங்கே? 11 என்பதெல்லாம் ஆற்றோரத்தில் வீடு கட்டிக்கொண்டவர்கள் பேச்சு.

தஞ்சை வாடகைவீடு, காலை 6.58

எல்லோருக்கும் வணக்கம். அந்த 350 ரூபாய் வாடகையைப் பற்றி நேற்று கேட்டதே நான்தான். மருத்துவக் கல்லூரிச் சாலையில் மாடிப் போர்ஷன், இரண்டு வருஷ ஒப்பந்தம். கடைக்காரர் 2,000 ரூபாய் அட்வான்ஸ் கேட்கிறார். 24 மாதத்துக்கு வாடகை 8,400 வருகிறது. புதிய 15 லிட்டர் கீசர் 7,500க்கு மேல் சொல்கிறார்கள், மாட்டுவதற்குத் தனி. வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. எதை எடுக்கலாம்?

மேலக்காவேரி, காலை 7.05

இரண்டரை வருஷத்தில் போனால் அது கீசரின் குற்றம் இல்லை கடைமடை, வைத்திருந்தவரின் குற்றம். நான் சூட்டைக் கட்டுப்படுத்துகிற தெர்மோஸ்டாட்டை 50 டிகிரிக்கு மேல் ஏற்றியதே இல்லை. 11 வருஷம். சும்மா வருமா?

சர்வீஸ்காரன், காலை 7.30

மன்னார்குடியில் கீசர் ரிப்பேர் பார்க்கிறேன், அதனால் ஒரு வார்த்தை. தொட்டிக்குள் ஒரு மக்னீசியம் கம்பி இருக்கும். உப்புத் தண்ணீர் தொட்டியின் இரும்பைத் தின்பதற்குப் பதிலாக அந்தக் கம்பியைத் தின்னும். கம்பி தீர்ந்தால் அடுத்தது தொட்டிதான். தொட்டி போனால் அதற்கு வைத்தியம் கிடையாது. சுண்ணாம்பு கூடுதலான தண்ணீர் என்றால் தண்ணீரைச் சூடாக்குகிற எலிமெண்டின் மேல் வெள்ளையாகப் படியும், சூடு தண்ணீருக்குப் போகாமல் எலிமெண்டையே எரிக்கும். நல்ல தண்ணீரில் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை கழற்றிப் பார்த்தால் போதும். கடற்கரைப் பக்கம் வருஷா வருஷம் பார்க்க வேண்டும். நூற்றில் ஒருவர்கூடப் பார்ப்பதில்லை. ஒழுகும்போதுதான் கூப்பிடுவார்கள்.

தஞ்சை வாடகைவீடு சார், வாடகைச் சீட்டில் எலிமெண்டும் கம்பியும் யார் செலவு என்று பாருங்கள். விஷயமே அதுதான்.

ஸ்கார்பரோ மாயவரத்தான், காலை 7.44

பார்த்தீர்களா, சர்வீஸ்காரரே சொல்லிவிட்டார். மேலக்காவேரி, உங்கள் 11 வருஷத்தில் மக்னீசியம் கம்பியை எத்தனை முறை மாற்றினீர்கள்?

மேலக்காவேரி, காலை 7.51

சர்வீஸ்காரர் கழற்றச் சொல்லத்தான் செய்வார், அவர் பிழைப்பு அது. தவறாக நினைக்க வேண்டாம் சர்வீஸ்காரன். என் கீசரை யாரும் கழற்றியதில்லை. மகாமகத்துக்கு வருகிற சொந்தக்காரர்களுக்காக வாங்கியது. அந்த மாசி மாதம் ஒரே நாளில் 23 பேர் குளித்தார்கள். இன்றுவரை ஒரு சொட்டு ஒழுகல் இல்லை.

கடைமடை, காலை 7.54

ஒரு நிமிஷம் சார். மகாமகம் நடந்தது 2016 பிப்ரவரி 22. இப்போது 2025 டிசம்பர். பத்து வருஷமே ஆகவில்லையே, 11 எப்படி வந்தது?

திருவாரூர்த் தேர்வடம், காலை 7.55

😂😂😂

மேலக்காவேரி, காலை 8.10

வாங்கியது 2014 தீபாவளிக்கு. மகாமக ஏற்பாடுகளை நாங்கள் இரண்டு வருஷம் முன்பே ஆரம்பித்துவிடுவோம், கும்பகோணத்துக்காரனுக்குத்தான் அது தெரியும். 2014லிருந்து 2025. கூட்டிக்கொள்ளுங்கள். 11.

ஸ்கார்பரோ மாயவரத்தான், காலை 8.14

முதலில் மகாமகத்துக்கு வாங்கியது, இப்போது தீபாவளிக்கு. கொஞ்சம் பொறுத்தால் மகேந்திரவர்மன் காலத்தில் வாங்கியதாகிவிடும். இன்வெர்ட்டர் இழையிலும் இதே கதைதான். பேட்டரி ஆறு வருஷம் என்றார், பில்லைக் கேட்டதும் காணாமல் போனார்.

மேலக்காவேரி, காலை 8.22

காணாமல் போகவில்லை. என் அத்தை பேத்தி கல்யாணத்துக்குத் திருவையாறு போயிருந்தேன், அங்கேயே சொல்லிவிட்டுத்தான் போனேன்.

கனடா பெருமை பேசுகிறவருக்கு ஒன்று. ராத்திரி தூக்கம் வராததால் கொஞ்சம் படித்தேன். ஒண்டாரியோவில் வீடு வீடாகப் போய் வெந்நீர்த் தொட்டி ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தவர்களின் தொல்லை தாங்காமல், 2018 மார்ச் 1 முதல் அந்த வியாபாரத்தை அரசே தடை செய்திருக்கிறது. அது போதாது என்று, வாடகைத் தொட்டியைக் காட்டி வீட்டுப் பத்திரத்தின் மேலேயே பாத்தியதை பதிவு பண்ணி வைத்திருக்கிறார்கள். வீட்டை விற்கப் போகும்போதுதான் வீட்டுக்காரருக்கே தெரியுமாம். அதற்குத் தடை வந்தது 2024இல். 150 லிட்டர் தொட்டிக்கு வீட்டையே அடகு வைக்கிற ஊரிலிருந்து எங்களுக்குப் புத்தி சொல்ல வருகிறார்.

ஸ்கார்பரோ மாயவரத்தான், காலை 8.31

நான் வாசலில் வந்தவனிடம் கையெழுத்துப் போடவில்லை. அது வேறு, இது வேறு. நீங்கள் பில்லைக் காட்டுங்கள்.

செம்புத்தவலை, காலை 8.40

வாடகையும் வேண்டாம், சொந்தமும் வேண்டாம். பேராவூரணியில் எங்கள் வீட்டில் அம்மா காலத்து செம்பு பாய்லர் இருக்கிறது. நடுக்குழாயில் மட்டையும் கொட்டாங்கச்சியும் போட்டால் அரை மணியில் வென்னீர். 2018 நவம்பர் 16 கஜா அடித்தபிறகு இந்தப் பக்கம் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அப்போது யாருடைய கீசர் ஓடியது? விழுந்த தென்னைகளை வைத்தே அந்த மழைக்காலம் முழுக்கக் குளித்தோம். அழுதுகொண்டே குளித்தோம், அது வேறு.

மேலக்காவேரி, காலை 8.43

வெந்நீர். வெம்மை + நீர். றன்னகரம் இல்லை.

கடைமடை, காலை 8.45

எங்க ஊரில் சுடுதண்ணி. எந்த னகரமும் தேவையில்லை.

செம்புத்தவலை, காலை 8.49

மேலக்காவேரி சார், நான் எழுத்துத் தேர்வு எழுத வரவில்லை. கஜாவைப் பற்றிச் சொன்னேன், உங்கள் கண்ணுக்கு றன்னகரம்தான் தெரிகிறது.

தஞ்சை வாடகைவீடு, காலை 9.02

சீட்டைப் பார்த்தேன் சர்வீஸ்காரன் சார். "தண்ணீரின் உப்பால் வரும் பழுது வாடகைதாரர் பொறுப்பு" என்று கடைசியில் பொடி எழுத்தில் இருக்கிறது. 12 மாதத்துக்கு முன் திருப்பிக் கொடுத்தால் அட்வான்ஸ் வராதாம். கழற்றி மாட்ட 600. இன்னொரு பிரச்சினை, வீட்டுக்காரர் சுவரில் துளை போட விடமாட்டேன் என்கிறார். தனி மீட்டர் இல்லை, யூனிட்டுக்கு 9 ரூபாய் அவரிடம் கொடுக்கிறேன். கீசர் எவ்வளவு யூனிட் இழுக்கும்?

சர்வீஸ்காரன், காலை 9.20

15 லிட்டர், 2,000 வாட்ஸ். 25 டிகிரித் தண்ணீர் 60க்கு ஏற ஏறக்குறைய 18 நிமிஷம், 0.6 யூனிட். போட்டுவிட்டு மறந்தால்தான் பில் ஏறும். 16 ஆம்பியர் பிளக்கும் நல்ல எர்த்தும் இல்லாமல் மாட்டாதீர்கள், அதுவும் குழந்தை இருக்கிற வீட்டில். பொடி எழுத்தில் அப்படி இருக்கிறதென்றால் அந்த 350 எதற்குக் கொடுக்கிறீர்கள் என்று கடைக்காரரையே கேளுங்கள். கம்பியும் எலிமெண்டும்தான் செலவு, அதுவே உங்கள் தலையில் என்றால் நீங்கள் வாடகைக்கு எடுப்பது வெறும் தகரப் பெட்டியை.

ஸ்கார்பரோ மாயவரத்தான், காலை 9.26

அது அந்தக் கடைக்காரனின் தப்பு, வாடகையின் தப்பு இல்லை. எங்கள் ஊரில் ரிப்பேர் எல்லாம் வாடகையில் அடக்கம். அப்படி ஒரு சீட்டு எழுதித் தரச் சொல்லுங்கள்.

மேலக்காவேரி, காலை 9.33

தரச் சொல்லுங்கள்! தஞ்சாவூர்க் கடைக்காரர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உங்கள் உத்தரவுக்காக உட்கார்ந்திருக்கிறார்.

தம்பி தஞ்சை வாடகைவீடு, நான் சொல்வதைக் கேளுங்கள். வாங்குங்கள். வீடு மாறினால் கழற்றி எடுத்துப் போகலாம். நான் இரண்டு வீடு மாறியிருக்கிறேன், கீசர் கூடவே வந்தது. எலிமெண்ட் இரண்டு தடவை, வால்வு ஒரு தடவை, தெர்மோஸ்டாட் ஒரு தடவை மாற்றியதோடு சரி. 11 வருஷம்.

கடைமடை, காலை 9.35

யாருமே கழற்றியதில்லை என்று 7.51க்குச் சொன்னீர்களே சார்?

திருவாரூர்த் தேர்வடம், காலை 9.36

எலிமெண்ட் இரண்டு, வால்வு, தெர்மோஸ்டாட். மிச்சம் என்ன இருக்கிறது, ஸ்டிக்கரா?

மேலக்காவேரி, காலை 9.48

கழற்றவில்லை என்றால் தொட்டியைக் கழற்றவில்லை. எலிமெண்ட் மாற்றுவது கழற்றுவதா? டயர் மாற்றினால் வண்டியையே மாற்றியதாகிவிடுமா? திருவாரூர்க்காரர் சிரிக்கிறார். உங்கள் ஆழித்தேர் 1926இல் தீப்பிடித்து எரிந்தது, அப்புறம் புதிதாகச் செய்தார்கள். அதற்காக அதை ஆழித்தேர் இல்லை என்று யாராவது சொல்கிறார்களா?

திருவாரூர்த் தேர்வடம், காலை 9.52

தேரை எதற்கு இழுக்கிறீர்கள்? கீசருக்கும் தியாகராஜருக்கும் என்ன சம்பந்தம்? புதுத் தேர் செய்தபோது பழைய தேருக்கே வயது ஏறிக்கொண்டிருக்கிறது என்று எங்கள் ஊரில் யாரும் கணக்குச் சொல்லவில்லை.

மேலக்காவேரி, காலை 9.55

தேரை இழுக்கத்தான் செய்வார்கள்.

திருவாரூர்த் தேர்வடம், காலை 9.56

இந்த மாதிரிப் பேச்சுக்குத்தான் கும்பகோணத்துக்காரர்களை ஊரில் ஒரு மாதிரி சொல்வார்கள். எழுத வேண்டாம் என்று பார்க்கிறேன்.

மேலக்காவேரி, காலை 9.57

எழுதுங்களேன்.

செம்புத்தவலை, காலை 10.04

என் பாய்லரில் கம்பி இல்லை, எலிமெண்ட் இல்லை, மாதம் 350 இல்லை. பாத்திரக்கடையில் ஈயம் பூசினால் முடிந்தது. சொன்னால் யார் கேட்கிறார்கள்?

ஸ்கார்பரோ மாயவரத்தான், காலை 10.09

மாடிப் போர்ஷனில் பாய்லரா? புகையை யார் வீட்டுக்கு அனுப்புவது, வீட்டுக்காரருக்கா? அது கிடக்கட்டும். மேலக்காவேரி, ஒரே கேள்வி. 2014 பில். போட்டோ. நான் இன்னும் தூங்கப் போகவில்லை.

மேலக்காவேரி, காலை 10.15

பில் பரணில் இருக்கிறது. முட்டிவலியோடு உங்களுக்காக ஏணி ஏற முடியாது. போகிக்குப் பரண் ஒழிக்கும்போது எடுத்துப் போடுகிறேன்.

கடைமடை, காலை 10.16

எந்த வருஷத்துப் போகி சார்?

தஞ்சை வாடகைவீடு, காலை 10.40

வீட்டுக்காரரிடம் மறுபடி பேசினேன். இரண்டு துளைக்கு மட்டும் சம்மதித்தார், காலி பண்ணும்போது சிமெண்ட் வைத்து அடைத்துத் தர வேண்டுமாம். சர்வீஸ்காரன் சார், மன்னார்குடியிலிருந்து தஞ்சாவூர் வந்து மாட்டித் தருவீர்களா? எவ்வளவு ஆகும்?

மேலக்காவேரி, காலை 10.42

சபாஷ். வாங்குகிறார். பார்த்துக்கொள்ளுங்கள் ஸ்கார்பரோ.

தஞ்சை வாடகைவீடு, காலை 10.44

வாங்குகிறேன் என்று நான் சொல்லவில்லை சார். மாட்டுவதற்குத்தான் கேட்டேன்.

ஸ்கார்பரோ மாயவரத்தான், காலை 10.45

வாடகைக் கீசருக்கும் துளை வேண்டும். பார்த்துக்கொள்ளுங்கள் மேலக்காவேரி.

மேலக்காவேரி, காலை 10.53

எங்கள் வீட்டில் 2014 தீபாவளி அன்று எடுத்த போட்டோ ஒன்று கிடைத்தது. என் மாமியார் எண்ணெய் தேய்த்துக்கொண்டு குளியலறை வாசலில் நிற்கிறார், பின்னால் சுவரில் வெள்ளையாக ஒன்று தெரிகிறது. அதுதான் கீசர். மாமியார் படம் என்பதால் இங்கே போட முடியாது.

கடைமடை, காலை 10.54

வெள்ளையாகத் தெரிவது டியூப்லைட்டாகவும் இருக்கலாம் சார்.